அணு: பிளந்த பின்னும் பொய்க்காத பெயர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், தரையைப் பெருக்கிய தூசியைக் குப்பையில் கொட்டுவதில்லை. அரம் உதிர்த்த வெள்ளித்தூள் அதில் கலந்திருக்கும். சேர்த்து வைத்து உருக்கினால் அது மறுபடியும் வெள்ளியாகவே திரளும். அந்தத் தூளையும் மேலும் மேலும் அறுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? அறுக்க முடியாத ஓர் இடம் வந்தே தீரும் என்றார், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் வாழ்ந்த டெமாக்ரிட்டஸ். அதற்குப் பெயர் 'அட்டோமோஸ்'. முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கும்; பின்னால் வருவது வெட்டுதல். ஆகவே, வெட்ட முடியாதது. ஆங்கிலத்தின் 'ஆட்டம்' இதன் வழிவந்தது.

தமிழில் நாம் வழங்கும் அணு என்ற சொல்லில் வெட்டு என்ற பேச்சே கிடையாது. அணு என்றால் மிக நுண்ணியது, அவ்வளவுதான். பொருள்கள் அணுக்களால் ஆனவை என்று பேசும் வடமொழியின் வைசேடிகத் தத்துவ நூல்களிலும் இதே சொல் நுண்மையைக் குறித்தே வருகிறது. மணிமேகலையில், பழைய சமயப் பிரிவினரான ஆசீவகரின் கொள்கை விளக்கப்படும் இடத்தில் உயிரோடு நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்கள் பேசப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் குடியிருக்கும் சொல் இது. பழைய நீட்டல் அளவையிலும் அதற்கு இடம் உண்டு: எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை, எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர்.

கம்பர் இதற்கும் கீழே இறங்குகிறார். "சாணினும் உளன், ஓர் தன்மை, அணுவினைச் சத கூறு இட்ட கோணினும் உளன்" என்கிறான் அவருடைய பிரகலாதன். அணுவை நூறாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறு, கோண். இதை வைத்துக்கொண்டு கம்பருக்கு அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் தெரியும் என்று மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வருத்தமே தருகிறது. இறைவன் இல்லாத இடமில்லை என்று சொல்ல வந்த கவி, அளவைகளின் எல்லையைத் தாண்டிப் போகிறான். அது கவிதையின் வேலை. சொல் ஆராய்பவனுக்கு அதில் கிடைப்பது வேறு. அணுவைக் கூறு போடலாம் என்பது தமிழ்க் காதுக்கு முரணாகப் படவில்லை.

ஐரோப்பாவில் அது பெரிய முரணாகத்தான் இருந்தது. ஆங்கில வேதியியலாளர் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில் அணு பிளக்க முடியாத திண்ணிய பொருள். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் அணுவைவிடச் சிறியதான எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது, 'வெட்ட முடியாதது' என்ற பெயர் பொருளிழந்தது. நேர்மின்னேற்றம் கொண்ட உருண்டைக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்பது தாம்சனின் மாதிரி. ஆங்கிலேயர் அதற்குப் புட்டிங்கை உவமை சொல்ல, நம் பாடநூல்கள் தர்பூசணியைக் காட்டின. சிவந்த சதை நேர்மின்னேற்றம், விதைகள் எலக்ட்ரான்கள். நம் பிள்ளைகள் கோடைதோறும் கையில் ஏந்தும் பழம், சரியான தேர்வு.

அந்தப் பழம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1909-இல் மான்செஸ்டரில் கைகர், மார்ஸ்டன் என்ற ஆய்வாளர்கள் மெல்லிய உலோகத் தகடுகளின் மீது, நேர்மின்னேற்றம் கொண்ட ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. ஏறத்தாழ 8,000-இல் ஒன்று மட்டும் வந்த பக்கமே திரும்பியது. தர்பூசணிச் சதையில் மோதிய எதுவும் அப்படித் திரும்பாது. அணுவின் எடை அனேகமாக முழுவதும் நடுவிலுள்ள மிகச் சிறிய இடத்தில் குவிந்திருக்க வேண்டும் என்று 1911-இல், அவர்களை வழிநடத்திய ரூதர்ஃபோர்டு முடிவு கட்டினார். தங்க அணுவின் அந்த நடுப்பகுதியை ஏற்காட்டு மிளகு ஒன்றாக எண்ணிச் சேலம் காந்தி மைதானத்தின் நடுவில் வைத்தால், அணுவின் குறுக்களவு 100 மீட்டர் அளவுக்கு வரும். இடையில் எலக்ட்ரான்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த நடுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'நியூக்ளியஸ்' லத்தீனில் கொட்டையின் பருப்பு. தமிழ் அதைக் கரு என்றது. முட்டையின் கரு, கதையின் கரு, அணுவின் கரு: மூன்றிலும் பொருள் பழுதில்லாமல் பொருந்துகிறது.

1913-இல் நீல்ஸ் போர் எலக்ட்ரான்களைக் குறிப்பிட்ட வட்டப்பாதைகளில் ஓடவிட்டார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1916-இல், அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் ஆக்குவதற்கென்று சேலத்தில் ராஜாஜி முன்னின்று ஒரு சங்கம் தொடங்கினார். கருவிலுள்ள நேர்மின் துகளான புரோட்டானுக்கு அப்போது பெயரே இல்லை. அது 1920-இல் வந்தது. அதே கருவில் மின்னேற்றம் இல்லாத நியூட்ரான் 1932-இல்தான் வெளிப்பட்டது. பொருளே உருமாறிக்கொண்டிருந்த காலத்தில் அதற்குப் பெயர் தேட உட்கார்ந்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது.

1926-இல், எலக்ட்ரானை அலையாகக் கணக்கிடும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்தபின் நீல்ஸ் போரின் வட்டப்பாதைகளும் கலைந்து, எலக்ட்ரான் முகில் என்ற பேச்சு தொடங்கியது. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனிக்குள் பஸ்ஸில் போனவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் மூடுபனியில் நீர்த்துளிகள் உண்மையிலேயே பரவிக் கிடக்கின்றன. எலக்ட்ரான் முகிலின் அடர்த்தி, எலக்ட்ரான் அங்கே தென்படுவதற்கான வாய்ப்பை மட்டுமே காட்டுகிறது. இதனால்தான் 'அணு மாதிரி' என்ற வழக்கு எனக்குப் பிடிக்கும். மண் மாதிரி, இரத்த மாதிரி என்பவற்றோடு குழம்பும் என்று சிலர் குறை சொல்கிறார்கள். இருக்கட்டும். 'அது மாதிரி' என்று நாம் சொல்லும்போதே, அதுவே அல்ல என்பதும் அதில் அடங்கிவிடுகிறது.

எனக்கு உடன்பாடில்லாத வழக்கு ஒன்று உண்டு: எலக்ட்ரானை மின்னணு என்பது. சிவப்பணு, விந்தணு, மரபணு போன்றவற்றில் அணு நுண்பொருள் என்ற பழைய பொருளில் நிற்பதால் இடறல் இல்லை. மின்னணுவிலும் அதே பொருள்தான் என்று வாதிடலாம். ஆயினும் இயற்பியல் வகுப்பில் அணுவுக்குள் ஓர் அணு என்றால் பிள்ளை திகைக்கத்தான் செய்யும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஊரறிந்த பெயர். அதை மாற்ற வேண்டியதில்லை. பாடநூலிலும் கட்டுரையிலும் துகளைக் குறிக்கும்போது எலக்ட்ரான் என்றோ எதிர்மின்னி என்றோ எழுதுங்கள். புரோட்டானுக்கு நேர்மின்னி, நியூட்ரானுக்கு நொதுமி.