பாய்மரக் கம்பியை எவ்வளவு இறுக்குவது?

சிறிய பாய்ப்படகில் பாய்மரத்தை நிமிர்த்தி வைப்பது முன்கம்பியும் இரு பக்கத்து ஷ்ரவுட் கம்பிகளும்தான். இறுக்கம் குறைந்தால் காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி தொளதொளவென ஆடும். ஒவ்வோர் அலைக்கும் மரம் வெடுக்கென இழுபட்டு, முனைப்பொருத்துகள் சோர்ந்து விரிசல் விடும். அளவுக்கு மீறி இறுக்கினால் படகின் உடலே வளையும்.

கம்பியைச் சுண்டிப் பார்த்து மதிப்பிடுவதை நம்பாதீர்கள். 1×19 பின்னல் (19 ஒற்றை இழைகளை முறுக்கிய) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியென்றால் ஒரு 2 மீட்டர் அளவுகோல் போதும். தொய்வு போகும் மட்டும் கம்பியைக் கையால் இறுக்கி, கோலின் மேல்முனையைக் கம்பியோடு டேப்பால் ஒட்டுங்கள். கீழ்முனை நிற்கும் இடத்தில் கம்பியில் ஒரு குறி. இனி டர்ன்பக்கிளை, அதாவது கம்பியின் அடியில் உள்ள இறுக்கும் திருகை, திருகத் திருகக் கம்பி நீண்டு, குறி கோலின் முனையை விட்டு விலகும். 1 மி.மீ. விலகினால், கம்பி அறுபடும் பளுவில் ஏறத்தாழ 5 சதவீதம் ஏறிவிட்டது. பக்கக் கம்பிகளுக்குப் பொதுவாக 3 மி.மீ., அதாவது 15 சதவீதம், நல்ல தொடக்கம். கம்பி 3 மி.மீ. தடிமனோ 5 மி.மீ. தடிமனோ, கணக்கு மாறாது: தடித்த கம்பியை நீட்டக் கூடுதல் விசை வேண்டும், அதன் தாங்குதிறனும் அதே விகிதத்தில் கூடுகிறதே!

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகக் கூடாது, மரம் சாய்ந்துவிடும். இடம் ஒரு சுற்று, வலம் ஒரு சுற்று. அவ்வப்போது மரத்தடியில் கண்ணை வைத்துப் பாய் ஏறும் பள்ளத்தின் வழியே மேலே பாருங்கள், கோணல் உடனே தெரியும். ஸ்டெயின்லெஸ் மரையை உலர்ந்தபடி திருகினால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பிறகு அசையாது. முதலிலேயே கிரீஸ் தடவிவிடுங்கள். கீழே டாகிள் (எப்பக்கமும் மடங்கும் இணைப்புத் துண்டு) இல்லாத டர்ன்பக்கிளை வாங்க வேண்டாம். கம்பி ஆடும் திசையிலெல்லாம் மடங்க வழியில்லையென்றால் மரைத்தண்டு வளைந்து வளைந்தே முறியும்.

பாயை இழுக்கும் கயிற்றுக்குக் கப்பி வாங்கும்போது கயிற்றின் இழுவையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 100 கிலோ இழுவையுள்ள கயிறு கப்பியில் 90 பாகை திரும்பினால் கப்பி சுமப்பது சுமார் 140 கிலோ. முழுக்கத் திரும்பி வந்தால் 200.

கடைசியாக ஸ்பிளிட் பின், டர்ன்பக்கிள் கழலாமல் பூட்டும் இரட்டைக்கால் ஊசி. சில்லறைச் சாமான்தான், ஆனால் அது நழுவினால் டர்ன்பக்கிள் தானே கழன்று மரம் சாய்ந்துவிடும். கால்களைச் சுருட்டாமல் சற்றே விரித்து விடுங்கள், அவசரத்தில் உருவ வேண்டியிருக்கும்.