பாஸ்டர் சொன்னா கர்த்தரே சொன்ன மாதிரியா?

நான் குடும்ப கவுன்சலிங் பண்றேன், சர்ச்சுக்குப் போற ஆளும்தான். என்கிட்ட வர்ற கிறிஸ்தவக் குடும்பங்கள்ல அடிக்கடி பாக்கறது என்னன்னா, பொண்ணுக்கு வரன் பாக்கறதுலேருந்து ஊர்ல இருக்கற இடத்தை விக்கறது வரைக்கும் பாஸ்டர் ஐயா சொன்னாத்தான் நடக்கும், அவர் விசுவாசத்துல மாத்திரையை நிறுத்துன்னா அதையும் நிறுத்திடறாங்க, ஏன்னு கேட்டா "ஐயாதான் எங்க கவரிங் (ஆவிக்குரிய பாதுகாப்பு), அவர் பேச்சை மீறினா சாபம் வந்துடும்"னு பயந்துக்கிட்டே சொல்றாங்க. கூடவே ஒரு வசனம் வரும், "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்"னு.

சங்கீதம் 105:15 அது. தயவுசெஞ்சு மூணு வசனம் முன்னாடிலேருந்து படிங்க. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுன்னு கொஞ்சப் பேரா ஊர் ஊரா பரதேசியா அலைஞ்சவங்களை ஒடுக்கக்கூடாதுன்னு கர்த்தர் ராஜாக்களைக் கடிஞ்சுக்கிட்டு சொன்ன வார்த்தை. பவர்ல இருக்கறவனுக்கு விட்ட வார்னிங்! அதை எடுத்து விசுவாசி வாயை அடைக்க யூஸ் பண்றாங்க, அப்படியே தலைகீழ்.

"சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது"ன்னு இயேசு மத்தேயு 28ல சொல்றார். சகலமும் அவருக்குன்னா ஊழியக்காரர் பேச்சுக்கு இருக்கற அதிகாரம் அவர் வார்த்தையோட ஒத்துப்போற வரைக்கும்தான். பெரோயா ஊர்க்காரங்க பவுல் பிரசங்கத்தையே தினமும் வேதத்தை வச்சு செக் பண்ணாங்க, அப்போஸ்தலர் 17 அவங்களை நற்குணசாலிகள்னு பாராட்டுது. அந்தியோகியாவுல பேதுரு தப்பு பண்ணப்போ பவுல் நேருக்கு நேரா எதிர்த்தார், பேதுரு சாபம் எதுவும் விடல. அதே பேதுருதான் மூப்பர்களுக்கு, இறுமாப்பா ஆளாதீங்க, மந்தைக்கு மாதிரியா இருங்கன்னு எழுதறார்.

எபிரெயர் 13:17 கீழ்ப்படியச் சொல்லுதேன்னு கேப்பீங்க. சொல்லுதுதான், ஆனா நடத்துறவங்க உங்களுக்காக கணக்கு ஒப்புவிக்கணும்னும் அதே வசனத்துல இருக்கு, அதை யாரும் பிரசங்கத்துல சத்தமா வாசிக்கறதில்ல.

1970கள்ல அமெரிக்காவுல ஃபோர்ட் லாடர்டேல்ல அஞ்சு பிரபல போதகர்கள் சேர்ந்து ஒரு மேய்ப்பர் இயக்கம் நடத்தினாங்க, நம்ம ஆளுங்க விரும்பிப் படிக்கற டெரக் பிரின்ஸும் அதுல ஒருத்தர். ஒவ்வொருத்தரும் ஒரு மேய்ப்பருக்கு அடங்கணும்னு ஆரம்பிச்சது, போகப்போக கல்யாணம், வேலைன்னு சொந்த முடிவுக்கெல்லாம் அவர்கிட்ட கேக்கணும்ங்கற அளவுக்குப் போய் நிறைய பேர் காயப்பட்டாங்க. பிரின்ஸ் 80கள்ல விலகிட்டார், அந்த அஞ்சு பேர்ல இன்னொருத்தரான பாப் மம்ஃபோர்ட் 1989ல பகிரங்கமா மன்னிப்பு கேட்டார். அப்படிக் கேட்டதால அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை கூடித்தான் போச்சு.

என்கிட்ட வர்றவங்களுக்கு நான் சொல்றது, "ஐயா, இது வேதத்துல எங்க இருக்கு, நான் ஜெபம் பண்ணி வீட்லயும் பேசிட்டு முடிவு பண்ணட்டுமா"ன்னு மரியாதையா கேட்டுப் பாருங்க. நல்ல மேய்ப்பரா இருந்தா உக்காந்து பைபிளைத் திறப்பார். சாபம், நியாயத்தீர்ப்புன்னு மிரட்டினா அந்தச் சபைக்கு வெளியில நீங்க நம்பற ரெண்டு பேர்கிட்ட பேசுங்க. மாத்திரை விஷயத்துல மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம எதுவும் செய்யாதீங்க, இன்சுலின், வலிப்பு மாத்திரையெல்லாம் திடீர்னு விட்டா உயிருக்கே ஆபத்து.