டூல் நழுவினால் பைப்பைத் தேடாதீர்கள், துணியைத் தேடுங்கள்

மெஷினில் மாட்டிய வெட்டும் டூல் நழுவுகிறது என்றதும் நம் பட்டறைகளில் முதலில் நடப்பது ஒன்றுதான். ஸ்பேனரின் வாலில் ஒரு ஜிஐ பைப்பை மாட்டி, உடம்பு எடை முழுவதையும் போட்டு இறுக்குவார்கள். புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, இந்தப் பக்கம் கடலூர் செம்மண்டலம் என்று டூலிங் வேலையாகப் பல ஷெட்டுகளுக்குப் போய் வருகிறேன். பெரிய கம்பெனியோ நாலு மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் கடையோ, அந்தப் பைப் ஏதோ ஒரு மூலையில் சாத்தி நிற்கும். அதை முதலில் வெளியே போடுங்கள் என்றுதான் சொல்வேன். நழுவுகிற டூல்களில் பெரும்பாலானவை இறுக்கம் போதாமல் நழுவுவதில்லை. ஒன்றோடொன்று முழுதாகப் படிய வேண்டிய பரப்புகளுக்கு நடுவே அழுக்கோ எண்ணெயோ பிசிறோ இருப்பதால் நழுவுகின்றன. அந்த நிலையில் பைப் போட்டு இறுக்கினால் நட்டும் மரையும்தான் கெட்டுப்போகும்.

ஒரு ஷாப்பில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட்டில் பாக்கெட், அதாவது குழி, போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆழம் 12 மில்லி. முதல் பீஸ் சரியாக வந்தது. போகப் போக 12.08, அப்புறம் 12.15. மெஷினில் நின்ற தம்பி கெட்டிக்காரர். ஒவ்வொரு பீஸையும் அளந்து, மெஷினில் டூல் நீளத்தைக் குறிக்கும் ஆஃப்செட் எண்ணில் திருத்தம் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. ஆனால் இப்படித் திருத்தம் போடும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். டூல் நுனி தேய்ந்தால் ஆழம் குறைய வேண்டும். இங்கே ஏன் கூடுகிறது?

ஆழம் கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. காலையில், டூலைச் சுற்றும் ஸ்பிண்டில் சூடேறும்போது கொஞ்சம் நீளும். அது சில நூறில் ஒரு பங்கு மில்லி அளவில்தான் இருக்கும். மெஷின் சூடு நிலைத்ததும் நின்றுவிடும். அதற்குப் பிறகும் ஆழம் ஏறிக்கொண்டே போனால், எண்ட் மில் (பக்கத்திலும் நுனியிலும் வெட்டும் டூல்) கோலட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. கோலட் என்பது டூலின் ஷாங்கை, அதாவது பிடிக்கும் தண்டுப் பகுதியை, கவ்வும் பிளவுபட்ட கூம்பு வளையம். அது ஹோல்டருக்குள் உட்காரும், ஹோல்டர் ஸ்பிண்டிலில் மாட்டும். எண்ட் மில்லின் சுருள் சில்லை மேலே தூக்கி வெளியேற்றுகிறது. அதே விசை எதிர்த்திசையில் டூலைக் கீழே இழுக்கிறது. வழவழப்பான கார்பைட் ஷாங்க், கடினமான மெட்டீரியல், கனமான வெட்டு மூன்றும் சேர்ந்தால் இந்த இழுப்பு நன்றாகத் தெரியும். இறங்குகிற டூலுக்கு ஆஃப்செட் போட்டுச் சமாளித்துக்கொண்டே இருந்தால், ஏதாவது ஒரு பீஸில் அது சட்டென்று இறங்கிப் பொருளுக்குள் மாட்டிக்கொள்ளும். அப்போது உடைவது கார்பைட். 50 மில்லி விட்டமுள்ள கட்டர் 12,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஈசிஆரில் விரட்டிப் போகிற பஸ்ஸைவிட வேகம். அங்கிருந்து ஒரு துண்டு கழன்றால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மெஷினில் கோலட்டை இறுக்கும் நட்டைக் கழற்றி கோலட்டை வெளியே எடுத்தோம். கோலட்டின் பிளவுகளில் கூலண்டும் சில்லுத் தூளும் கலந்து கறுப்பாகக் களிம்பு போல இறுகிக் கிடந்தது. ஊசி விட்டுத்தான் கிளற வேண்டியிருந்தது. வெளிக் கூம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், முழுக்க ஒரே மங்கலாக இருக்க வேண்டிய பரப்பில் இரண்டு மெல்லிய பட்டைகள் மட்டும் பளபளவென்று மின்னின. அந்த இரண்டு பட்டைகளில்தான் ஹோல்டர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. எண்ட் மில் ஷாங்கில் நீளவாக்கில் இழுபட்ட கோடுகள். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் வேறு பரிசோதனையே தேவையில்லை. கோலட்டை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, ஹோல்டரின் உட்கூம்பையும் துடைத்து, ஷாங்கைத் துணியால் உலர்த்தி, புது டூலை மாட்டிய பிறகு அன்று மாலைவரை ஆழம் அசையவில்லை.

ஈஆர் என்ற கோலட் வகையை 1970களில் சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்ச் சின்னக் கடைகள்வரை அதுதான் ஓடுகிறது. எளிமையானது என்பதாலேயே அதைத் தப்பாக மாட்டுவதும் சுலபம். கோலட்டை முதலில் ஹோல்டருக்குள் போட்டுவிட்டு மேலே நட்டைத் திருகுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கோலட்டைச் சாய்த்துப் பிடித்து நட்டுக்குள் அழுத்த வேண்டும். 'டக்' என்று உட்கார வேண்டும். நட்டின் உள்ளே இருக்கும் வளையம் கோலட்டின் பள்ளத்தில் மாட்டிய சத்தம் அது. மாட்டாமல் இறுக்கினால் கோலட் கோணலாக நசுங்கும். கழற்றும்போது நட் மட்டும் கையோடு வந்து கோலட் உள்ளேயே நிற்கும். அப்புறம் அதைத் தட்டி எடுக்கச் சுத்தியலைத் தேடுவார்கள்.

டூலின் ஷாங்க் கோலட் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். நுனியை மட்டும் கவ்வினால் கோலட்டின் வாய் சுருங்கி, அடிப்பக்கம் பிடிமானமில்லாமல் விரிந்து நிற்கும். டூல் இல்லாத வெறும் கோலட்டை இறுக்கவே கூடாது. 10 மில்லி ஷாங்குக்கு 10–9 கோலட்தான், அதாவது 10 முதல் 9 மில்லி வரை கவ்வுவது. 11–10 கோலட்டிலும் மாட்டலாம்தான், ஆனால் முழுதாகச் சுருங்கிய நிலையில் அது சரியாகப் படியாது. ஷாங்கிலும் கோலட்டின் உட்துளையிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாது. எண்ணெய் வேண்டுமென்றால் நட்டின் மரையில் கொஞ்சம் தொட்டு வையுங்கள்.

சரி, எவ்வளவு இறுக்குவது? ஈஆர் 32 அளவுக் கோலட் நட்டுக்கு ரெகோ-ஃபிக்ஸ் பட்டியலில் 136 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும், ஈஆர் 16க்கு 56. சின்ன விட்டமுள்ள டூலுக்கு இதைவிடக் குறைவு. வேறு கம்பெனி நட் என்றால் அவர்கள் கொடுத்த எண்ணைப் பாருங்கள். கை அனுபவத்தில் நான் கண்டது: ஈஆர் 16ஐ அளவுக்கு மேலே இறுக்கி மரையைக் கெடுக்கிறோம், ஈஆர் 32ஐ அளவுக்குக் குறைவாக விட்டுவிடுகிறோம். இரண்டையும் ஒரே வேகத்தில் ஒரே கை இறுக்குவதால் வருவது இது. ஷாப்புக்கு ஒரு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வாங்குவது பெரிய செலவு என்று நினைக்கிற முதலாளிகளிடம் மாதத்துக்கு உடைகிற கார்பைட் டூல்களின் பில்லை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பக்கவாட்டு ஸ்க்ரூவால் டூலைப் பிடிக்கும் சைடு லாக் ஹோல்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ அழுத்தும் இடத்தில் ஷாங்கில் தட்டையான வெட்டு இருந்தால் மட்டுமே அந்த ஹோல்டரில் போடுங்கள். உருண்டை ஷாங்கை பெஞ்ச் கிரைண்டரில் காட்டித் தட்டையாக்குகிறார்கள். கார்பைட்டில் அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கும். வேண்டாம்.

இனி ஹோல்டரும் ஸ்பிண்டிலும். விஎம்சி (செங்குத்து மெஷினிங் சென்டர்) மெஷின்களில் மாட்டும் பிடி 40 வகை ஹோல்டரின் கூம்பு 24 மில்லி நீளத்துக்கு 7 மில்லி விட்டம் மாறுகிற கூம்பு. இது தானாகக் கவ்வி நிற்காது. ஹோல்டரின் பின்முனையில் திருகியிருக்கும் புல் ஸ்டட் என்ற குமிழைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற டிரா பார் என்ற தண்டுதான் இதை நிறுத்தி வைக்கிறது. அந்த இழுவிசையைத் தருவது வட்டு ஸ்பிரிங்குகளின் அடுக்கு. அவை ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தளரும், ஒன்றிரண்டு உடையும், மெஷின் அலாரம் எதுவும் அடிக்காது. டிரா பார் விசையை அளக்கிற கேஜ் சர்வீஸ்காரரிடம் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அளக்கச் சொல்லுங்கள். புல் ஸ்டட்டில் 45 டிகிரி, 60 டிகிரி, 90 டிகிரி என்று வகைகள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய மெஷினிலிருந்து ஹோல்டரைக் கடன் வாங்கி மாட்டும்போது இதைப் பார்க்காவிட்டால், டிரா பார் நுனியிலுள்ள கிரிப்பர் அரைகுறையாகப் பிடிக்கும். ஸ்டட்டின் கழுத்தில் கோடு மாதிரி விரிசல் தெரிந்தால் அந்த ஹோல்டரை அப்போதே ஒதுக்கி வையுங்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, கடல் காற்று. ஹோல்டர் கூம்பில் செம்பழுப்பு நிறத்தில் பொடி படிந்தால் 'உப்புக் காத்து சார், துருதான்' என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போகிறார்கள். பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம் அது ஹோல்டர் ஸ்பிண்டிலுக்குள் அசைகிறது என்பதன் அறிகுறி. இரண்டு உலோகப் பரப்புகள் அழுத்தத்தோடு மிகச் சிறிதளவு உரசிக்கொண்டே இருந்தால் அந்தப் பொடி வரும். பிரித்தறிவது கஷ்டமில்லை. காற்றில் வந்த துரு, ரேக்கில் சும்மா கிடக்கிற ஹோல்டரிலும் வரும். புள்ளி புள்ளியாகவோ பரவலாகவோ இருக்கும். அசைவில் வந்த பொடி, தினமும் ஓடுகிற ஹோல்டரில் வரும். கூம்பின் முன்முனையிலும் பின்முனையிலும் பட்டையாக இருக்கும். துடைத்தால் அடியில் தேய்ந்த பளபளப்பு தெரியும். சில நாளில் அதே இடத்தில் திரும்ப வரும். அப்படி வந்தால் டிரா பார் விசையைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டும் சேர்ந்தே வரும் என்பதால், மழைக்கு முன்பே ஹோல்டர்களைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி, மூடி வைத்த ரேக்கில் அடுக்குவது நல்லது. மாட்டும் முன் அந்த எண்ணெயை மறுபடி துடைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழைக்குப் பிறகு, ரேக்கைத் தரையை ஒட்டி வைக்காதீர்கள் என்று யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான், நம் சோற்றுக்கு அதுதானே வழி. மெஷினின் நெற்றியில், கதவில், பேனலில் வையுங்கள். ஸ்பிண்டில் மூக்கில், கூம்பின் வாயில், ஹோல்டரின் கூம்பில் வைக்க வேண்டாம். காய்ந்த சந்தனம் 0.02 மில்லி தடிமன் ஒட்டியிருந்தாலே போதும், டூல் சாய்ந்துவிடும். பிடி 40 கூம்பின் நீளம் ஏறக்குறைய 65 மில்லி. கூம்பின் உள்முனையில் அது ஒட்டியிருந்தால், டூல் 130 மில்லி வெளியே நீண்டிருக்கும்போது நுனியில் அந்த விலகல் இரண்டு மடங்காகும். பூஜை முடிந்து முதல் ஜாப் ஓட்டும் முன் ஸ்பிண்டில் கூம்பைத் துடைத்துவிட்டு, லீவர் டயலை (சிறு அசைவைக் காட்டும் அளவு கருவி) ஷாங்கில் வைத்துக் கையால் ஒரு சுற்று சுற்றி, முள் அசைகிறதா என்று பாருங்கள்.

லேத் பக்கம் வந்தால் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) போல மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகள்தான் நினைவுக்கு வருகின்றன. படகுக்கான புரப்பெல்லர் ஷாஃப்ட்டைத் திருத்த இடைவிடாமல் லேத் ஓடும். அங்கே டூல் பிட்டின் கீழே பேக்கிங்காக உடைந்த ஹாக்ஸா பிளேடுத் துண்டுகளை வைப்பது வழக்கம். பிளேடின் பல் பக்கம் மாறி மாறி வளைந்திருக்கும். அது தட்டையான பரப்பல்ல. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அடியில் சந்து இருக்கும். வெட்டும்போது டூல் தலையாட்டும். டூலின் முழு அகலத்துக்கும் முழு நீளத்துக்கும் சமமான தகடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செட் செய்துவிட்டால் பல வருடம் வரும். டூல் வெளியே நீட்டியிருக்கும் அளவையும் பாருங்கள். நீட்டல் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். 40 மில்லிக்குப் பதில் 60 நீட்டினாலே மூன்று மடங்குக்கு மேல். அதிர்வு வந்ததும் ஸ்பீடைக் குறைக்கப் போகிற கையைக் கொஞ்சம் நிறுத்தி, டூலை உள்ளே தள்ள முடியுமா என்று பாருங்கள்.

டிரில்லிங் மெஷினில் மோர்ஸ் டேப்பர் எனும் கூம்பு ஷாங்க் உள்ள டிரில்லின் பின்முனைத் தட்டை வால் முறுக்கி ஒடிந்தால் டிரில் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். அந்த வால் டிரில்லைச் சுற்றுவதற்காக வைத்ததல்ல, டிரிஃப்ட் என்ற ஆப்பை அடித்து டிரில்லைக் கழற்றுவதற்காக வைத்தது. டிரில்லைச் சுற்றவேண்டியது கூம்பின் பிடிமானம். டிரில் மாட்டும் ஸ்லீவின் (கூம்பு உறை) உள்ளே ஒரு பிசிறு இருந்தால் கூம்பு சுழலும், பாரம் முழுக்க வாலுக்குப் போகும், வால் ஒடியும். ஸ்லீவுக்குள் விரலை விடாமல், துணி சுற்றிய குச்சியால் துடைத்து, பிசிறு தட்டுப்பட்டால் ஸ்லீவை மாற்றுங்கள்.

மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு சுற்றுகிற சக்கின் (லேத்தில் வேலைப்பொருளைக் கவ்வும் பகுதி) மேல் குனிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அண்ணன் எவ்வளவு பெரிய லேத்மேனாக இருந்தாலும் துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொல்லிவிடுங்கள். ஓடும் ஸ்பிண்டில் பக்கத்தில் கையுறையும் கூடாது. சக்கை இறுக்கும் சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போடும் ஆபத்துக்கு, விட்டதும் தானே வெளியே தள்ளும் ஸ்பிரிங் வைத்த கீ கடைகளில் கிடைக்கிறது. கண் பாதுகாப்புக்கென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 35ஆம் பிரிவு இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வேலை பார்க்கிறோம்.

விஎம்சியில் டூல் மாற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து செய்வது இங்கே சகஜம். ஹெல்பர் தம்பி ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு 'அண்ணே, அமுக்குங்க' என்பார். ஆப்பரேட்டர் ஹோல்டரை விடுவிக்கும் பட்டனை அமுக்குவார். தம்பி முழுதாகப் பிடிக்கும் முன் பட்டன் அமுங்கிவிட்டால், கூரான கட்டர் உள்ளங்கை வழியாகத்தான் கீழே இறங்கும். பட்டனை அழுத்துகிறவரே ஹோல்டரையும் பிடிக்க வேண்டும். கட்டரைத் துணியால் சுற்றிப் பிடித்தால், ஸ்பிண்டில் சுற்றும் முன் துணி வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். பிடி 50 மாதிரி கனமான ஹோல்டர் என்றால் மேஜையில் ஒரு மரக்கட்டையை வைத்து, ஸ்பிண்டிலை அதன் அருகே இறக்கிக்கொண்டு, அப்புறம் விடுவியுங்கள்.