ஒடம்புச் சூட்டுல பிரியுற கடதாசி

நுவரெலியா பக்கம் தோட்டத்துல வளந்தவங்களுக்கு இத புதுசா சொல்லத் தேவையில்ல, தை மாசத்து காலையில தேங்கா எண்ணெ போத்தல் கல்லு மாதிரி ஒறஞ்சு கெடக்கும், தலைக்கு வைக்கணும்னா அடுப்போரமா கொஞ்ச நேரம் வச்சு எடுக்கணும். ஆனா அதே தட்டுல பக்கத்துலயே இருக்குற நல்லெண்ணெ ஒறையாது, சாச்சா ஓடும். சின்ன வயசுல எனக்கு இது பெரிய அதிசயம், அம்மாயிகிட்ட கேட்டா "அது சூட்டு எண்ணெடா, இது குளுச்சி எண்ணெ"ன்னு சொல்லுவாங்க. பின்னாடி படிச்சப்ப தான் விளங்குச்சு, தேங்கா எண்ணெயில இருக்குற கொழுப்புக்கு வாலு நேரா இருக்குது, பொளந்து அடுக்குன வெறகு மாதிரி நெருங்கி அடுக்கிக்கும், அதனால சீக்கிரம் ஒறையும், நல்லெண்ணெயில பெரும்பாலும் வளஞ்ச வாலு, தேயில கவ்வாத்து வெட்டுனப்ப விழுற கோணல் மிலாற அடுக்குற மாதிரி எடைவெளி விட்டு விட்டு தான் நிக்கும்.

இத எதுக்கு சொல்றேன்னா, பீலித் தண்ணியில, அதாவது மலையில இருந்து வர்ற ஊத்துத் தண்ணியில கெடக்குற பக்டீரியாவுக்கும் தோலு கொழுப்பு தான். நுவரெலியாவுல வருசத்து சராசரி வெப்பம் 16 டிகிரி கிட்ட, நம்ம வயித்துக்குள்ள 37. ஒரு மொடக்கு தண்ணியோட அது 21 டிகிரி தாண்டி வந்துருது. குளிருல அந்த தோலு ஒறஞ்சா சாப்பாடு உள்ள போகாது கழிவு வெளிய வராது, சூட்டுல ரொம்ப எளகுனா ஒழுகும். அதனால குடல்ல வாழுற ஈ கோலை மாதிரி பக்டீரியா குளிர்ல வளஞ்ச வாலு கொழுப்ப கூட்டிக்கும், சூட்டுல நேர் வால கூட்டிக்கும், ஒரே போத்தல்ல ரெண்டு எண்ணெயையும் கலந்து கலந்து சரி பண்ற மாதிரி.

இது உசுர காப்பாத்திக்கிற வேல. எனக்கு தூக்கம் போக வச்ச விசயம் வேற. நம்மள நோயாளியாக்குற பல பக்டீரியாக்கள், இந்த சூட்ட வச்சு தான் "இப்ப ஒரு ஒடம்புக்குள்ள வந்துட்டோம்"ன்னு தெரிஞ்சுக்குது. அதுக்கு கண்ணில்ல, மூளையில்ல, அப்ப எப்புடி?

வாந்திபேதிய எடுத்துக்குவோம், அதாவது காலரா. எங்க மூத்தவங்க தோட்ட வேலைக்காக இந்தியாவுல இருந்து வள்ளம் ஏறி மன்னார் பக்கம் எறங்கி காடு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தப்ப, வழியில காலராவுல செத்தவங்க ஏராளம், பொதைக்க கூட நேரமில்லாம விட்டுட்டு நடந்தாங்கன்னு அம்மாயி அவங்க அம்மா சொன்னத எங்களுக்கு சொல்லுவாங்க. பின்னாடி தமிழ்நாட்டுக் கரையில இருந்த மண்டபம் கேம்ப்ல அடைச்சு வச்சு பாத்துட்டு தான் இங்க அனுப்புனாங்க, அதுக்கும் ஒரு பெரிய காரணம் இந்த நோய் தான். அந்த கிருமிக்குள்ள என்ன நடந்துச்சுங்கிறத படிக்கிறப்ப எனக்கு வெறும் பாடமா படிக்க முடியல.

அது இப்புடி. டிஎன்ஏங்கிறது மூலப் பேரேடு, அதுல இருந்து தேவையான பக்கத்த மட்டும் நகல் எடுத்து அனுப்புற கடதாசி தான் ஆர்என்ஏ. செல்லுக்குள்ள இருக்குற ரைபோசோம்ங்கிற எந்திரம் அந்த கடதாசிய படிச்சு புரதம் செய்யும். ஆனா படிக்கத் தொடங்குறதுக்கு முன்னால கடதாசியோட தலப்புல இருக்குற சில எழுத்துகள அது கையில புடிச்சாகணும், புடிக்க எடமில்லன்னா படிக்காது. காலரா கிருமியில டொக்ஸ்-டின்னு ஒரு புரதம் இருக்கு, நஞ்சு செய்யிற வேலையையும் குடல்ல ஒட்டிக்கிற மயிர்கள் செய்யிற வேலையையும் தொடக்கி விடுறது அது தான், சொல்லப்போனா தோட்டத்துல ஆட்கள வேல வாங்குற கங்காணி மாதிரி. அந்த டொக்ஸ்-டிய செய்யச் சொல்லுற கடதாசியில, ரைபோசோம் புடிக்க வேண்டிய எடத்து மேலயே அதே கடதாசியோட இன்னொரு பகுதி மடிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒட்டியிருக்கிறது யு-ங்கிற எழுத்து நாலு வரிசையா நிக்கிற ஒரு துண்டு. ஆர்என்ஏயில ஏ, யு, ஜி, சின்னு நாலு எழுத்து தான், அதுல ஜி-யும் சி-யும் சேந்தா மூணு கொக்கி, ஏ-யும் யு-வும் சேந்தா ரெண்டு கொக்கி தான், இங்க வேணும்னே பலவீனமான கொக்கியா போட்டு வச்சிருக்குது. தண்ணியோட குளிர்ல அது ஒட்டி நிக்கும், 37 டிகிரி கிட்ட வந்தா மூலக்கூறுகளோட நடுக்கம் கூடி கொக்கி கழறும், மடிப்பு பிரியும், ரைபோசோம் வந்து புடிக்கும், நஞ்சு வேல தொடங்கும். 2014ல தான் இத கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. சூடு மட்டுமே போதும்னு இல்ல, பித்தநீர் மாதிரி வேற அடையாளங்களையும் அந்த கிருமி பாக்குது, ஆனா இந்த மடிப்பு ஒரு முக்கியமான பூட்டு.

இதுக்கு ஆர்என்ஏ தெர்மோமீட்டர்னு பேரு. சூட்ட அளக்க தனியா ஒரு உறுப்பு இல்ல, செய்தி எழுதியிருக்குற கடதாசியே தான் தெர்மோமீட்டர், அதான் இதோட அழகு. கடதாசி முன்னாடியே எழுதி மடிச்சு வச்சாச்சு, சூடு பட்டதும் புதுசா எழுத நேரம் வீணாகாது, திரும்ப குளிர்ந்தா தானே மடிஞ்சுக்கும்.

"இது வெறும் ஊகமில்லயா, மடிப்பு தான் காரணம்னு எப்புடி சொல்றது"ன்னு கேட்டா, அதுக்கு 2002ல பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து ஆட்கள் செஞ்ச ஒரு சோதனை போதும். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆபத்தான லிஸ்டீரியாங்கிற கிருமி பிரிட்ஜ்குள்ள 4 டிகிரியிலயும் வளரும், அதுலயும் இதே மாதிரி ஒரு மடிப்பு இருக்குது. அந்த மடிப்புத் துண்ட மட்டும் வெட்டியெடுத்து, பச்சையா ஒளிருற புரதத்தோட செய்திக்கு முன்னால ஒட்டி, சம்பந்தமேயில்லாத ஈ கோலைக்குள்ள விட்டாங்க. 30 டிகிரியில ஒளி இல்ல, 37ல பச்சையா ஒளிருது. துண்டு எங்க போனாலும் சூட்ட அளக்குதுன்னா அப்ப அளக்குறது அந்த துண்டு தானே.

எல்லா கிருமியும் கடதாசியில பூட்டு போடுறதில்ல. சீதபேதி குடுக்குற ஷிகெல்லா மூலப் பேரேட்டுலயே போடும், குளிர்ல அதோட டிஎன்ஏ வளஞ்சு நிக்க, அந்த வளைவ ஒரு புரதம் இறுக்கிப் புடிச்சு நகல் எடுக்க விடாது, 32 டிகிரி தாண்டுனா வளைவு எளகி புடி விட்டுப்போகும்.

ஆனா ரெண்டு ஒடம்புக்கு ரெண்டு வேசம் போடுறதுல பிளேக் கிருமிய அடிச்சுக்க ஆளில்ல. 1894ல ஹொங்கொங்ல அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடிச்சது, 1914ல கொழும்புக்கும் வந்து சேந்துச்சு. அது எலியில இருந்து மனுசனுக்கு தெள்ளுப்பூச்சி வழியா வருது. தெள்ளுப்பூச்சிக்கு சொந்தச் சூடு கெடையாது, வெளிய என்ன வெப்பமோ அது தான், அந்த குளிர்ல கிருமி பிசின் மாதிரி ஒரு பசைய செஞ்சு பூச்சியோட தொண்டப் பக்கத்த அடச்சுரும். எரத்தம் உள்ள போகாது, பூச்சி பசியில திரும்பத் திரும்ப கடிக்கும், குடிச்ச எரத்தம் அடைப்புல மோதி கிருமியோட காயத்துக்குள்ளயே திரும்பும். எலிக்கோ மனுசனுக்கோ உள்ள வந்து 37 டிகிரிய உணர்ந்ததும் பசை வேலைய நிப்பாட்டிரும், நம்ம செல்லுக்குள்ள நஞ்சு குத்துற ஊசிகள செய்யத் தொடங்கும், அதோட வெளித்தோல்ல இருக்குற ஒரு கொழுப்போட வாலையும் மாத்தும். குளிர்ல அதுக்கு ஆறு வால், சூட்டுல நாலு. இந்த நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல தான் ஒரு உசுரு நிக்குது, ஏன்னா நம்ம நோயெதிர்ப்பு செல்லுங்க ஆறு வால் கொழுப்ப கண்டா தான் ஒடனே கூச்சல் போடும், நாலு வால சரியா கண்டுக்காது. 2006ல வந்த ஒரு ஆய்வுல, சூட்டுலயும் ஆறு வால் தான் செய்யணும்னு கிருமிய மாத்தி எலிகளுக்கு குடுத்து பாத்தாங்க, அதிகமா குடுத்தும் எலிங்க பொழச்சிருச்சு.

இன்னைக்கு நம்ம பக்கத்துல பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். 2008ல இலங்கையில 7,000க்கு மேல ஆட்களுக்கு வந்ததா சந்தேகிச்சாங்க, மாத்தளை, கண்டி பக்கமெல்லாம் கடுமையா இருந்துச்சு. லெப்டோஸ்பைராங்கிற அந்த சுருள் கிருமி எலியோட சிறுநீரகத்துல எலிக்கு பெருசா எந்த கேடும் இல்லாம குடியிருக்கும், மூத்திரத்தோட வெளிய வந்து ஈர மண்ணுலயும் தண்ணியிலயும் நாள் கணக்குல காத்திருக்கும், கால்ல இருக்குற சின்ன கீறல் போதும் அதுக்கு. லேப்ல வளக்குறப்ப அதுக்கு புடிச்சது 28, 30 டிகிரி தான். 37க்கு மாத்துனா அதோட தோல்ல குளிர்ல நெறைய இருக்குற லிப்-எல்-36ங்கிற புரதத்த கொறச்சிரும், ஒடம்புக்குள்ளயும் அது காணாமப் போயிருது. மரக்கறித் தோட்டத்துல வெறுங்காலோட சேத்துல நிக்கிற ஆட்கள பாக்குறப்பல்லாம் எனக்கு இது தான் ஞாபகம் வரும், தயவு செஞ்சு பூட்ஸ் போடுங்க, காய்ச்சலோட கெண்டக்கால் சத வலிச்சா பனடோல் போட்டுட்டு கெடக்காம ஆஸ்பத்திரிக்கு போயி சேத்துல வேல செஞ்சதயும் சொல்லுங்க.

காய்ச்சல்னதும் இன்னொன்னு. நம்ம ஒடம்பு 40 வரைக்கும் சூட்ட ஏத்தி கிருமிய வதைக்கப் பாக்குது, அதுக்கும் ஈ கோலை மாதிரி கிருமிங்ககிட்ட ஒரு மடிச்ச கடதாசி இருக்குது, சூடு ஏற ஏற அது பிரிஞ்சு, சூட்டுல கொலையிற புரதங்கள நிமித்தி விடுற வேலக்காரப் புரதங்கள செய்ய வைக்கும்.

ஆனா அந்த தயாரிப்பெல்லாம் சில டிகிரிக்குள்ள தான். கொதிக்கிற தண்ணிக்கு எந்த மடிப்பும் ஈடு குடுக்காது, புரதம் எல்லாம் அவிச்ச முட்ட மாதிரி ஆயிரும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் ஒசரம், காத்தழுத்தம் கொறவுங்கிறதால இங்க தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், அது போதுமான்னு சில பேரு கேக்குறாங்க. காலரா, சீதபேதி, லெப்டோ எல்லாத்துக்கும் தாராளமா போதும். எங்க அம்மாயி ஆவி வந்ததும் கேத்தல எறக்க விடமாட்டாங்க, மூடி தட்டித் தட்டி ஆடுற வரைக்கும் நிப்பாங்க, "இப்ப தான்டா வெந்துச்சு"ன்னு சொல்லிட்டு தான் எறக்குவாங்க.