ஈறில் தொடங்குமா மூட்டு நோய்?

"ஈறில் ரத்தம் கசிகிறது, விரல் மூட்டுகளும் வலிக்கின்றன, இரண்டுக்கும் தொடர்பு உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூட்டு வலியில் பல ரகம். நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் முடக்கு வாதமாக இருந்தால், தொடர்பு இருக்கக்கூடும்.

பல்லில் காரை படியும், ஈறு வீங்கும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழும். பிராணவாயு குறைந்த அந்தப் பள்ளம் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவுக்கு வசதியான குடியிருப்பு. அதனிடம் இருக்கும் ஒரு நொதியைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை.

அந்த நொதி, புரதத்தில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலினாக மாற்றுகிறது. எடையில் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டால்டன்தான், அதாவது ஒரு ஹைட்ரஜன் அணு அளவு. ஆனால் ஆர்ஜினினின் நேர்மின்னூட்டம் போய்விடுகிறது. அதை நம்பி மடிந்து நின்ற புரதம் சற்றே தளர்ந்து உருமாறுகிறது. சொந்த வீட்டுக்காரன் மீசையை எடுத்துவிட்டு வந்ததும் காவலாளி திருடன் என்று பிடித்துக்கொண்ட கதைதான். நோய் எதிர்ப்பு மண்டலம் நம் புரதத்தையே அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கிறது.

இதில் ஒரு கூட்டுச் சதியும் உண்டு. ஜிஞ்சிபெய்ன் என்ற இன்னொரு நொதியும் இதே பாக்டீரியாவிடம் இருக்கிறது. அது புரதங்களை ஆர்ஜினினுக்கு அடுத்துச் சரியாக வெட்டும். அப்படி வெட்டினால் துண்டின் நுனியில் ஆர்ஜினின் நிற்கும். முதல் நொதிக்கு நுனி ஆர்ஜினின்தான் மிகவும் பிடித்தது! ஒன்று வெட்டிக் கொடுக்க, மற்றொன்று மாற்றிவிடுகிறது.

நம் உடலிலும் இதே மாற்றத்தைச் செய்யும் நொதிகள் உண்டு. தோல் உருவாகும்போதுகூட அது நடக்கிறது. அவற்றை வெறிபிடிக்க வைக்கும் இன்னொரு வாய் பாக்டீரியாவும் இருக்கிறது. அது வெள்ளணுக்களில் துளை போட, கால்சியம் உள்ளே பாய்ந்து, அந்த நொதிகள் கட்டுப்பாடின்றி இயங்கும். 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டியது இது.

எல்லோருக்கும் இது நோயாவதில்லை. புரதத் துண்டுகளைப் பிடித்து நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டும் மூலக்கூறுக்கு ஹெச்எல்ஏ என்று பெயர். சிலரது மரபணு தரும் ஹெச்எல்ஏவின் பள்ளத்தில் சிட்ருலின் கச்சிதமாக உட்காரும், ஆர்ஜினின் உட்காராது. அவர்களுக்கே ஆபத்து அதிகம். புகைப்பழக்கம் நுரையீரலிலும் இதே மாற்றத்தைத் தூண்டும். மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் தெரிவதும் உண்டு. ஈறு நோயும் சேர்ந்த முடக்கு வாதக்காரர்களின் ரத்தத்தில் வாய் பாக்டீரியாக்கள் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டதாக 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனாலும் ஈறு நோய்தான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லில் ஒளிந்திருக்கும் தொற்றுதான் காரணம் என்று நம்பி, மூட்டு நோய்க்குப் பற்களை மொத்தமாகப் பிடுங்கிய மருத்துவர்கள் இருந்தார்கள். பலன் கிடைக்காததால் அந்தக் கோட்பாடே கேலிக்குள்ளாகி, பல்லும் மூட்டும் தனித்தனித் துறைகளாகின. என் அபிப்பிராயம்: ஈறு சிகிச்சை மூட்டுக்கு உதவுமா என்று பார்க்கும் பெரிய சோதனைகளுக்குப் புது மாத்திரைகளுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டும்.

சரி, கேட்ட வாசகருக்கு: காலையில் விரல்கள் அரைமணிக்கு மேல் விறைத்திருந்தால், சிட்ருலின் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை பற்றி வாதநோய் நிபுணரிடம் கேளுங்கள். ஈறுக்குப் பல் மருத்துவரை எப்படியும் பாருங்கள். பல்லைப் பிடுங்கச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள்.