புகைக்குழாய் காற்றை உள்ளே இழுக்கும் விதம்

"ஸ்போர்ட்ஸ் காருக்கு கோன் ஃபில்டரும் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட்டும் மாட்டினால் 30 ஹார்ஸ்பவர் கூடும் என்கிறார்களே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். (கோன் ஃபில்டர் என்பது கூம்பு வடிவக் காற்று வடிகட்டி, ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் என்பது தடை குறைந்த புகைக்குழாய்.) சில கார்களில் கூடும், பல கார்களில் கூடாது, சிலவற்றில் இருந்ததும் கொஞ்சம் போய்விடும். ஏன் இப்படி காருக்குக் கார் பதில் மாறுகிறது என்று தேடிப் போனால், இன்ஜின் இயற்பியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த சங்கதியில் போய் நிற்போம்.

உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் என்ற நான்கு வீச்சுகளும் பள்ளியில் படித்ததுதான். 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை அதிகமாகப் பீய்ச்சுவது பெரிய காரியமில்லை, காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. 2 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு சுமார் 100 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும், எடையில் ஏறக்குறைய 120 கிராம். அந்த 120 கிராமை 130 ஆக்க முடிந்தால் பவரும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறும். காசு செலவழித்துச் செய்கிற மாற்றங்கள் எல்லாம் இந்தக் கூடுதல் கிராம்களுக்காகத்தான்.

காற்று நுழையும் பக்கத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். சுத்தமான பேப்பர் ஃபில்டர் காற்றைத் தடுக்கும் அளவு சொற்பம், அதை மாற்றி மட்டும் பெரிதாக எதுவும் கிடைக்காது. காற்றின் வெப்பநிலை அதைவிட முக்கியம். வெளிக்காற்று 30 டிகிரி, பானெட்டுக்குள் இருக்கும் காற்று 60 டிகிரி என்றால், உள்ளே இருப்பதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. பளபளப்பான கோன் ஃபில்டரை மறைப்பு எதுவும் இல்லாமல் இன்ஜின் பக்கத்தில் மாட்டினால் அது இந்தச் சூடான காற்றைத்தான் குடிக்கும். கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டியோ பெரும்பாலும் முன்பக்க கிரில் அருகிலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் பெட்டியைக் கழற்றியதும் இன்ஜின் உறுமுவது நன்றாகக் கேட்கும், காது அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். நல்ல குளிர்காற்று அமைப்பு என்றால் சூட்டிலிருந்து ஃபில்டரைப் பிரிக்கும் தடுப்பும், பம்பருக்குப் பின்னால் போய்ச் சேரும் குழாயும் இருக்க வேண்டும்.

சரி, எக்ஸாஸ்ட்டுக்கு வருவோம். இங்கே ஒரு மூடநம்பிக்கை பல வருடமாக உலவுகிறது: "இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்." வேண்டாம். புகை வெளியேறும் வழியில் இருக்கும் எந்தத் தடையையும் பிஸ்டன்தான் தன் உழைப்பால் தள்ள வேண்டியிருக்கிறது, அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் கண்ணால் கண்டது உண்மைதான். தடிமனான (விட்டம் அதிகமான) குழாயைப் போட்டார்கள், குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போனது. காரணத்தைத்தான் தவறாகப் பிடித்துவிட்டார்கள். உண்மையான காரணம் அழுத்த அலை.

வெளியேற்ற வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தம் இருக்கும். வால்வு சற்றே விலகியதும் அது குழாய்க்குள் அடித்துக்கொண்டு கிளம்புகிறது. இங்கே இரண்டு விஷயங்கள் நகர்கின்றன. ஒன்று புகை. இன்னொன்று, அந்தப் புகைக்குள்ளேயே அதைவிட வேகமாக ஓடும் அழுத்த அலை. நீண்ட வரிசையில் பின்னால் ஒருவர் இடித்தால் யாரும் ஓரடிகூட நகராமலே அந்த இடி முன்னால் நிற்பவர்வரை போய்விடுகிறதே, அதுபோல. சாதாரணக் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் புகையில் அது 600 மீட்டரை நெருங்கும்.

இந்த அலை குழாயின் திறந்த முனையை, அல்லது பல குழாய்கள் கூடும் அகலமான இடத்தை அடையும்போது நடப்பதுதான் அழகு. இதுவரை இரு பக்கமும் சுவர் பிடித்துவைத்திருந்த வாயு சட்டென்று விரிய இடம் கிடைத்ததும் பாய்ந்து வெளியேறுகிறது, வேகத்தில் தேவைக்கு மேலேயே வெளியேறிவிடுகிறது. அது விட்டுப்போன இடத்தில் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவு தானே ஒரு அலையாகி, வந்த வழியே சிலிண்டரை நோக்கித் திரும்புகிறது. போனது உயர் அழுத்தம், வருவது தாழ்வழுத்தம்.

அது சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? வெளியேற்ற வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சியில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அப்போது வெளியேற்ற வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது, உள்ளிழுக்கும் வால்வோ திறக்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சில மில்லிநொடிக்கு ஓவர்லாப் என்று பெயர். அந்த நேரம் பார்த்துத் தாழ்வழுத்த அலை வந்தால், பிஸ்டனால் தள்ள முடியாமல் மூலையில் தங்கிய எச்சப் புகையை அது உறிஞ்சி எடுக்கும். அதோடு நிற்காமல் எதிர்ப்பக்க வால்வு வழியே புதுக்காற்றையும் இழுக்க ஆரம்பித்துவிடும். பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே இன்ஜின் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது, அதுவும் புகைக்குழாயின் தயவில்! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இனி, குழாயின் நீளம் ஏன் முக்கியம் என்று தானாகத் தெரியும். 80 செ.மீ. குழாயில் அலை போய்த் திரும்ப 1.6 மீட்டர், அதற்கு சுமார் 2.7 மில்லிநொடி. 6000 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 96 டிகிரி சுற்றிவிடும், 3000-த்தில் 48 டிகிரிதான். ஆக, ஒரு வேகத்தில் சரியாக வந்து சேரும் அலை இன்னொரு வேகத்தில் நேரம் தப்பி வரும். தாழ்வழுத்தத்துக்குப் பதில் உயர் அழுத்தம் ஓவர்லாப்பில் வந்து நின்றால் புகை உள்ளேயே திரும்பித் தள்ளப்படும், டார்க் (சுழற்று விசை) வரைபடத்தில் பள்ளம் விழும். குழாய் தேவைக்கு மேல் தடித்தால் அலை பலவீனமாகும், புகையின் வேகமும் குறையும். தடித்த குழாய் போட்டவர்கள் இழந்தது இந்த உறிஞ்சலைத்தான். சிலிண்டர்களின் புகைக்குழாய்களை ஒன்றுசேர்க்கும் அமைப்புக்கு ஹெட்டர் என்று பெயர். நான்கு சிலிண்டர் காரில் நான்கும் ஒரே இடத்தில் சேரும் 4-1 ஹெட்டர் உச்ச வேகத்துக்கும், முதலில் இரண்டாகிப் பிறகு ஒன்றாகும் 4-2-1 ஹெட்டர் நடுத்தர வேகத்துக்கும் உதவும் என்று சொல்வதற்குக் காரணமும் இந்த அலைக் கணக்குதான்.

காற்று நுழையும் பக்கத்திலும் இதே விளையாட்டு உண்டு. 1960-இல் வந்த கிரைஸ்லர் 300எஃப் காரில் 30 அங்குல நீளக் குழாய்கள் இன்ஜினுக்குக் குறுக்கே போயிருக்கும், எல்லாம் அலையின் நேரத்துக்காக. 1991-இல் லெ மான் பந்தயத்தில் வென்ற மஸ்டா 787பி ஓடும்போதே குழாய் நீளத்தை மாற்றிக்கொண்டது.

அலையைப் பற்றிப் பேசிவிட்டு வால்டர் காடனை விட்டுவிட முடியாது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், வசதி குறைவான சூழலில், டூ ஸ்ட்ரோக் புகைக்குழாய்க்குள் அலைகள் என்ன செய்கின்றன என்று ஆஸிலோஸ்கோப் வைத்துப் பார்த்துப் பார்த்துக் குழாயின் வடிவத்தைச் செதுக்கியவர் அவர். 1961-இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 ஹார்ஸ்பவர் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு எம்இசட் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப்போய் சுசுகியில் சேர்ந்தார், அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. அடிப்படை ஆய்வுக்குப் பணம் கேட்டால் உடனடிப் பயன் என்ன என்று கேட்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த அறிவு கைமாறியதும் அதன் பயன் ஒரே வருடத்தில் தெரிந்துவிட்டது.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். 1999-இல் ஹோண்டா எஸ்2000 கார், டர்போ (புகையால் சுழலும் டர்பைன் மூலம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாமலே 2 லிட்டரில் 250 ஹார்ஸ்பவர் எடுத்தது. அப்படி அலைக்கணக்கைக் கம்பெனியே போட்டு முடித்த காரில் கடைசி சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் மாறும், பவர் அதிகம் மாறாது. ஏனென்றால் அலை முக்கியமாகத் திரும்புவது முன்னாலேயே, குழாய்கள் கூடும் இடத்திலேயே. டர்போ காரில் கதை வேறு. டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்தால் டர்பைன் சுலபமாகச் சுற்றும், அதனால் டவுன்பைப்பும் (டர்பைனிலிருந்து கிளம்பும் குழாய்) ஈசியூ டியூனிங்கும் (இன்ஜினை இயக்கும் கணினியின் அமைப்பை மாற்றுவது) சேர்ந்தால் 30 என்ன, அதற்கு மேலும் கூடலாம். அதற்காகக் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி எறிவது எனக்குச் சம்மதமில்லை, அது தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கார்பன் மோனாக்ஸைடையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் பிறகு எல்லோரும்தான் சுவாசிக்க வேண்டும். தடை குறைந்த கன்வர்ட்டர்களே கிடைக்கின்றன.

எதை மாட்டினாலும் முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (பவரை அளக்கும் கருவி), ஒரே மாதிரி வெப்பநிலையில் ஓட்டிப் பாருங்கள். உச்ச எண்ணை மட்டும் பார்க்காமல் 2500 முதல் 5000 ஆர்பிஎம் வரையிலான வளைவையும் பாருங்கள், தினசரி ஓட்டும்போது கால் இருப்பது அங்கேதான்.