இருட்டை எடை போடுவது எப்படி?

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். நெருக்கமான நட்சத்திரங்களுக்கு நடுவே கன்னங்கரேல் என்று ஒரு திட்டு. கீழே, "பிரபஞ்சத்தில் எதுவுமே இல்லாத இடம், பூட்டஸ் வெற்றிடம்" என்று எழுதியிருக்கிறது. உண்மைதானா என்று கேட்கிறார்.

பூட்டஸ் வெற்றிடம் நிஜம்தான். அது சுமார் 70 கோடி ஒளியாண்டு தொலைவில், கேலக்ஸிகள், அதாவது நம் பால்வீதி போன்ற நட்சத்திரக் கூட்டங்கள், மிகக் குறைவாக உள்ள பெரும் பரப்பு. ஆனால் அந்தப் படம் அதனுடையது அல்ல. படத்தில் இருப்பது பார்னார்ட் 68. நம் பால்வீதிக்குள்ளேயே, சுமார் 500 ஒளியாண்டு தொலைவில், அரை ஒளியாண்டு அகலத்தில் இருக்கும் ஒரு மேகம். அங்கே ஒன்றும் இல்லை என்பதல்ல, சூரியனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்குப் பொருள் அடைந்து கிடக்கிறது. இப்படிப்பட்டவற்றைத்தான் இருண்ட நெபுலா என்கிறோம். பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயு. எடையில் நூற்றில் ஒரு பங்கு தூசி. புகைத்துகள் அளவே உள்ள அந்தத் தூசிதான் பின்னால் இருக்கும் நட்சத்திரங்களின் ஒளியை மறைக்கிறது.

இதை ஒப்புக்கொள்ள வானியலாளர்களுக்கு ரொம்ப காலம் பிடித்தது. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் இவற்றை வானத்தில் உள்ள ஓட்டைகள் என்றே நினைத்தார். அமெரிக்காவின் எட்வர்ட் எமர்சன் பார்னார்டும் முதலில் அப்படித்தான் நினைத்தார். 1913 கோடையில் ஓர் இரவு தனுசு ராசிப் பக்கம் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, பால்வீதியின் வெளிச்சத்துக்கு எதிரே சின்னச் சின்ன மேகங்கள் மைத்துளிகளைப் போலக் கறுப்பாகத் தெரிவதைக் கவனித்தார். அவை பூமியின் மேகங்களேதான். தன் ஒளிப்படத் தகடுகளில் இருந்த கறுப்புத் திட்டுகளும் அச்சு அசலாக அப்படியே இருந்தன. 1919இல் 182 திட்டுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவர் இறந்த பிறகு, 1927இல் வந்த வானப் படத் தொகுப்பில் (அட்லஸ்) பட்டியல் இன்னும் நீண்டது.

சரி, மேகம் என்றால் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு அடர்த்தியாக? இதற்கு ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப் 1923இல் சொன்ன வழி, எனக்கு வானியலிலேயே மிகப் பிடித்த வழிகளில் ஒன்று. வெறும் எண்ணிக்கைதான். திட்டின் மேல் ஒரு சதுரம், பக்கத்துத் தெளிந்த வானில் அதே அளவில் இன்னொரு சதுரம். இரண்டிலும் நட்சத்திரங்களைப் பிரகாச வரிசைப்படி எண்ணிக்கொண்டே போக வேண்டும். பிரகாசமானவை இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை மேகத்துக்கு முன்னால், நம் பக்கம் இருப்பவை. மங்கலானவற்றை நோக்கிப் போகப் போக, ஒரு படியில் திட்டின் எண்ணிக்கை பின்தங்கத் தொடங்கும். மேகம் தொடங்கும் தூரத்தை அந்தப் படி காட்டிக்கொடுக்கிறது. இந்த எண்ணிக்கைகளை வரைபடமாகப் போட்டால், அதற்கும் கீழே இரண்டு கோடுகளும் மறுபடி இணையாக ஓடும், ஆனால் ஒன்று சற்றுத் தள்ளி. அந்த இடைவெளிதான் மேகம் விழுங்கிய ஒளியின் அளவு. உண்மையிலேயே ஓட்டையாக இருந்தால் இணைகோடு வராது. மங்கலான நட்சத்திரங்கள் ஒரேயடியாக நின்றுபோகும்.

பார்னார்ட் 68இன் முகத்தில் முன்னால் நிற்கும் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. அது நமக்கு அருகில் இருப்பதற்கு இதுவே சாட்சி. அதன் நடுப்பகுதியில் பின்னணி நட்சத்திரங்களும் தெரியாததால், எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை. இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கைகொடுக்கிறது. தூசி நீல ஒளியை அதிகமாகவும், அகச்சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும். சிலியில் உள்ள தொலைநோக்கிகளில் அகச்சிவப்பில் படமெடுத்தபோது, மேகத்தின் வழியாகவே பின்னணி நட்சத்திரங்கள் ஆயிரத்துக்கும் மேல் தெரிந்தன, இயல்பைவிடச் சிவந்துபோய். ஒவ்வொன்றும் எவ்வளவு சிவந்திருக்கிறதோ, அந்த இடத்தில் அவ்வளவு தூசி. இப்படிப் புள்ளி புள்ளியாக அளந்து, மையத்திலிருந்து விளிம்புவரை மேகத்தின் அடர்த்தியை 2001இல் வரைந்துவிட்டார்கள். தன் ஈர்ப்பும் வாயுவின் அழுத்தமும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும் கோளத்துக்குக் கோட்பாடு சொன்ன வளைவோடு அது பொருந்தியது. இன்னும் சில லட்சம் ஆண்டுகளுக்குள் அந்த மேகம் சரிந்து நட்சத்திரமாகத் தொடங்கலாம்.

பட்டியல் போடும் வேலைக்கு நிதி கேட்டால் "இதில் புதிதாக என்ன கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்கும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. 1897இல் கேத்தரின் புரூஸ் என்ற பெண்மணி 7,000 டாலர் கொடுத்திராவிட்டால் பார்னார்டின் படத் தொலைநோக்கியே கிடையாது. அவர் பட்டியலில் 68ஆவதாக எழுதி வைத்த திட்டுதான் பல பத்தாண்டுகள் கழித்து நட்சத்திரப் பிறப்பை அளக்கும் பரிசோதனைக்கூடம் ஆனது. முதல்நாளே அதைச் சொல்லியிருக்க யாராலும் முடியாது.

இவற்றைப் பார்க்க நம் ஊர் நல்ல இடம். பார்னார்ட் வேலை பார்த்த, அமெரிக்காவின் வடக்கே விஸ்கான்சினில் உள்ள யெர்க்ஸ் ஆய்வகத்தில் தனுசும் விருச்சிகமும் தொடுவானை ஒட்டியே நகரும். அதனால் தொலைநோக்கியைக் கழற்றி 1905இல் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனுக்குக் கொண்டுபோனார். தமிழ்நாட்டில் அவை நன்றாகவே மேலே ஏறும். மே, ஜூன் அமாவாசையை ஒட்டி, ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில், நள்ளிரவு வாக்கில் தெற்கே பாருங்கள். செல்போனை எடுக்காமல் அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். கேட்டை நட்சத்திரத்துக்குக் கிழக்கே, பால்வீதியின் ஓரத்தில் புகைக்குழாய் வடிவில் நீளும் கறுப்பு வெறும் கண்ணுக்கே தெரியும். தொலைநோக்கி இருந்தால் தனுசில் என்ஜிசி 6520 என்ற நட்சத்திரக் கொத்தைத் தேடுங்கள். அதை ஒட்டியே பார்னார்ட் 86 இருக்கிறது. உருப்பெருக்கம் குறைவாக இருக்கட்டும், சுற்றியுள்ள நட்சத்திரங்கள் கண்ணில் பட்டால்தான் கறுப்பு பிரிந்து தெரியும். 1962இல் அமெரிக்க வானியலாளர் பெவர்லி லிண்ட்ஸ், கலிபோர்னியாவின் பலோமர் ஆய்வகத்தில் எடுத்த ஒளிப்படத் தகடுகளிலிருந்து 1,802 இருண்ட நெபுலாக்களைப் பட்டியலிட்டபோது ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை கருமை எண் கொடுத்தார். ஆறுதான் மிகக் கறுப்பு. நீங்களும் நோட்டில் தேதி, நேரம், வானத்தின் தெளிவு ஆகியவற்றோடு உங்கள் கணிப்பில் ஓர் எண்ணை எழுதி வைத்து, அப்புறம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.